நல்ல கண்ணை ஏன் மூடச் சொல்கிறார்கள்?

கேள்வி: என் மகனுக்கு 5 வயது, யுகேஜி படிக்கிறான். பள்ளிக்குக் கண் பரிசோதனைக்கு வந்தவர்கள் இடது கண்ணில் பார்வை குறைவு என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். எங்களால் நம்பவே முடியவில்லை. தரையில் சிந்திய கடுகைக்கூட ஒவ்வொன்றாகப் பொறுக்குவான். ஆஸ்பத்திரியில் வலது கண் 6/6, இடது கண் 6/36, இது 'சோம்பல் கண்' என்று சொல்லிக் கண்ணாடி கொடுத்திருக்கிறார்கள். அடுத்த முறை நல்ல கண்ணை மூடி வைக்க வேண்டியிருக்கும் என்கிறார்கள். நன்றாகத் தெரிகிற கண்ணை மூடினால் அதுவும் கெட்டுப்போகாதா? வளர்ந்தால் தானாகச் சரியாகும் என்கிறார் மாமியார். இன்னொன்று, எங்கள் பெண் குழந்தைக்கு 3 மாதம் ஆகிறது. ஒரு கண்ணில் எப்போதும் நீர் கட்டி நிற்கிறது. அவளுக்கும் இப்போதே பார்க்க வேண்டுமா?

பதில்: குழந்தைகள் கண் பிரிவில் பார்வை அளந்து கண்ணாடி எண் எழுதுவது என் வேலை. டாக்டர் இல்லை, ஆப்டோமெட்ரிஸ்ட். 20 வருடத்துக்கு மேல் ஆகிறது. ஆபரேஷன் பற்றி நான் சொல்வதெல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்தது. கண்ணாடியும் கண் மூடுவதும் என் கையாலேயே செய்வது.

நல்ல கண் கெட்டுப்போகாது. சொல்லிய நேரம் மட்டும் மூடி, சொல்லிய தேதியில் மறுபரிசோதனைக்கு வந்தால் அந்தப் பயமே வேண்டாம். மிகச் சின்னக் குழந்தைக்கு நாள் முழுக்கக் கண்ணை மூடிவிட்டு மாதக்கணக்கில் ஆஸ்பத்திரிப் பக்கமே வராமல் இருந்தால்தான், அபூர்வமாக, நல்ல கண்ணில் பார்வை கொஞ்சம் இறங்கும். அதையும் பெரும்பாலும் மீட்டுவிடலாம். தேதி போட்டு வரச் சொல்வது இதற்காகவும்தான்.

மாமியார் சொல்வதுதான் எனக்கு உடன்பாடில்லை. பால்பல் விழுந்து புதுப்பல் முளைப்பதுபோல இது தானாக நடக்கிற காரியம் இல்லை. அவரைக் குறை சொல்லவில்லை. எங்கள் பிரிவுக்கு வரும் பாட்டிமார்களில் பாதிப் பேர் இதைத்தான் சொல்வார்கள். மீதிப் பாதிப் பேர், 'இவனுக்குக் கண்ணு சரியில்லடி' என்று மருமகளைக் கையோடு இழுத்துக்கொண்டு வருபவர்கள்.

ஏன் தானாகச் சரியாகாது? கண்ணுக்குள் படம் விழுவது பாதி வேலைதான். அந்தப் படத்தைப் படிக்கக் கற்றுக்கொள்வது மூளை. பிறந்த குழந்தைக்கு எல்லாம் மங்கல். ஆறு, எட்டு வாரத்தில் அம்மா முகத்தை நிலைத்துப் பார்க்கும், மூன்று மாதத்தில் ஆட்களைக் கண்ணாலேயே துரத்தும், அப்புறம் ஏழெட்டு வயதுவரை இந்தப் படிப்பு மெல்ல மெல்ல நடக்கும். உங்கள் மகனுக்கு மாறுகண் இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. அப்படியானால் பெரும்பாலும் காரணம் இரண்டு கண்ணுக்கும் பவர் வேறு வேறாக இருப்பதுதான். கண்ணாடிச் சீட்டை எடுத்துப் பாருங்கள், இடது பக்கம் எண் கூடுதலாக இருக்கும். ஒரு கண் தெளிவான படம் அனுப்புகிறது, மற்றது கலங்கிய படம் அனுப்புகிறது. மூளை தெளிவானதை வைத்துக்கொண்டு கலங்கியதை ஒதுக்கிவிடுகிறது. வருடக்கணக்கில் ஒதுக்கினால், பிறகு கண்ணாடி போட்டுப் படத்தைத் தெளிவாக்கிக் கொடுத்தாலும் அதைப் படிக்க மூளைக்குத் தெரிவதில்லை.

1960களில் டேவிட் ஹியூபல், டார்ஸ்டன் வீசல் என்ற இரண்டு விஞ்ஞானிகள் அமெரிக்காவில் பூனைக்குட்டிகளின் ஒரு கண் இமையைத் தைத்துச் சில மாதம் வைத்திருந்தார்கள். தையலைப் பிரித்தபோது கண் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அந்தக் கண்ணால் குட்டிக்குப் பார்க்கத் தெரியவில்லை. வளர்ந்த பூனையின் கண்ணை அதேபோல மூடித் திறந்தால் இப்படி ஆகவில்லை. சந்தையில் ஒருவர் நாலு வாரம் கடை போடவில்லையென்றால் பக்கத்துக் கடைக்காரர் கூடையை நகர்த்தி நகர்த்தி அந்த இடத்தையும் பிடித்துக்கொள்வாரே, மூளைக்குள் நடந்ததும் அதுதான். 1981 நோபல் பரிசில் இந்த இருவருக்கும் பங்கு உண்டு. உங்கள் மகனின் நல்ல கண்ணை மூடுவது, இடது கண் இழந்த இடத்தைத் திரும்ப வாங்கிக் கொடுக்கத்தான்.

கடுகைப் பொறுக்கினானே என்கிறீர்கள். வலது கண்ணால் பொறுக்கினான். 6/36 என்றால், மற்றவர்கள் 36 மீட்டரில் வாசிக்கும் எழுத்தை அந்தக் கண் 6 மீட்டருக்கு வந்தால்தான் வாசிக்கும். இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது நல்ல கண் எல்லா வேலையையும் பார்த்துவிடும். மாறுகண் இல்லாத சோம்பல் கண்ணில் வெளியே ஓர் அடையாளமும் இருக்காது. சிவப்பு இல்லை, வலி இல்லை, டார்ச் அடித்துப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. குழந்தையும் சொல்லாது, ஏனென்றால் தனக்குக் குறை இருப்பதே அதற்குத் தெரியாது. ஏழு வயதுப் பெண் ஒருத்தியின் நல்ல கண்ணை மூடியபோது பலகையில் பெரிய எழுத்தே அவளுக்குத் தெரியவில்லை. பதறிப்போய் அவள் அம்மா திட்ட, அவள் என்னைப் பார்த்து, 'எல்லாருக்கும் இந்தப் பக்கம் இப்படித்தானே இருக்கும்?' என்று கேட்டாள். ஆகவே கவனிக்காமல் விட்டுவிட்டோமே என்று நீங்கள் குமைய வேண்டாம். ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தால் மட்டுமே பிடிபடும் குறை இது, அதுவும் 100 குழந்தைகளில் இரண்டு மூன்று பேருக்கு இருப்பது.

மூடிப் பார்ப்பதை வீட்டிலேயே செய்யலாம். ஒரு வயதுக் குழந்தைக்குக்கூட முடியும். பிடித்த பொம்மையை ஒருவர் ஆட்டட்டும், இன்னொருவர் பின்னால் இருந்து உள்ளங்கையால் ஒரு கண்ணை மறைக்கட்டும். இந்தக் கண்ணை மறைத்தபோது பேசாமல் இருந்த குழந்தை, அந்தக் கண்ணை மறைத்தவுடன் கையைத் தட்டிவிட்டு, தலையைத் திருப்பி, அழுது ஆர்ப்பாட்டம் செய்கிறதா? இரண்டு மூன்று தடவை வேறு வேறு நாளில் பார்த்தும் அதேதான் என்றால், மறைக்காத கண்ணில் ஏதோ கோளாறு. பெரிய குழந்தையென்றால் சுவரில் காலண்டரை மாட்டி எண்களை வாசிக்கச் சொல்லலாம். மறைக்கும் கை உங்கள் கையாக இருக்கட்டும். குழந்தை தானே மூடினால் விரல் இடுக்கு வழியாக நல்ல கண் எட்டிப் பார்க்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானே இப்படி ஏமாந்திருக்கிறேன். பள்ளி முகாம்களில் இன்னொரு தொல்லை: முன்னால் நிற்பவன் வாசிப்பதைக் கேட்டுக் கேட்டு வரிசையில் நிற்கும் பிள்ளை மொத்தப் பலகையையும் மனப்பாடம் செய்துவிடும். சில பிள்ளைகள் பலகையைப் பார்க்காமலேயே ஒப்பிப்பார்கள். அதனால் நான் எழுத்துகளை வலமிருந்து இடமாகக் கேட்பேன்.

உங்கள் மகனுக்குச் சொட்டு மருந்தோ களிம்போ போட்டுப் பவர் பார்த்தார்களா என்று நீங்கள் சொல்லவில்லை. போடவில்லையென்றால் கேட்டுப் போட வைக்க வேண்டும். குழந்தையின் கண் லென்ஸ் மிகவும் நெகிழ்வானது; பிளஸ் பவரை, அதாவது கிட்டத்தில் பார்க்கக் கூடுதல் சிரமம் தரும் குறையை, தானே இழுத்துப் பிடித்து மறைத்துவிடும். அந்தப் பிடியைத் தளர்த்தத்தான் அட்ரோபின் களிம்பை மூன்று நாள் வீட்டில் போட்டு வரச் சொல்வதோ, ஆஸ்பத்திரியிலேயே சொட்டு விட்டு உட்கார வைப்பதோ. மருந்து போடாமல் கம்ப்யூட்டரில் மட்டும் பார்த்து எழுதிய எண்ணை இந்த வயதில் நான் நம்ப மாட்டேன். அட்ரோபின் போட்டால் வெயிலில் கண் கூசும், கிட்டத்தில் தெரியாது. களிம்பாக இருந்தால் ஒரு வாரம் பத்து நாள் வரைக்கும் இப்படி இருக்கலாம், பயப்பட வேண்டாம். ஆனால் முகம் சிவந்து, உடம்பு சுட்டு, வாய் வறண்டு, குழந்தை ஒரு மாதிரி பிதற்றினால் உடனே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஓர் அரிசி அளவுதான் போட வேண்டும். ட்யூபை இரண்டு குழந்தைகளுக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள். வாய்க்குள் போனால் விஷம்.

எழுத்துத் தெரியாத பிள்ளைக்கு எப்படிக் கண்ணாடி எண் போடுகிறார்கள் என்று பலரும் சந்தேகத்தோடு கேட்பார்கள். ரெட்டினோஸ்கோப் என்று கைக்கு அடக்கமான ஒரு கருவி இருக்கிறது. அதிலிருந்து கண்ணுக்குள் ஒரு கோடு போல வெளிச்சம் அடித்து, அது உள்ளே எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்து, முன்னால் லென்ஸை மாற்றி மாற்றி வைத்து எண்ணைக் கண்டுபிடிப்போம். குழந்தை ஒரு வார்த்தை பேச வேண்டாம். உங்கள் 3 மாதக் குழந்தைக்கும் பவர் பார்க்க முடியும்.

சரி, வைத்தியத்துக்கு வருவோம். முதல் வைத்தியம் கண்ணாடி. அதை உங்கள் ஆஸ்பத்திரி சரியாகவே தொடங்கியிருக்கிறது. காலையில் எழுந்ததும் போட்டு இரவு படுக்கும்போதுதான் கழற்ற வேண்டும். பள்ளிக்கு மட்டும், டிவிக்கு மட்டும் என்ற கணக்கு வேண்டாம். அமெரிக்காவில் குழந்தைக் கண் மருத்துவர்கள் சேர்ந்து நடத்திய ஆய்வு ஒன்றில், பவர் வித்தியாசத்தால் வந்த சோம்பல் கண்ணில் ஏறக்குறைய நாலில் ஒரு குழந்தைக்குக் கண்ணாடி மட்டுமே போதுமாக இருந்தது. கண்ணை மூட வேண்டிய தேவையே வரவில்லை. அதனால்தான் முதலில் கண்ணாடியைக் கொடுத்து சில வாரம் விட்டுப் பார்க்கிறோம். முதல் நாளில் கண்ணாடி போட்டும் இடது கண்ணில் தெளிவு வராது. 'கண்ணாடி தப்பு' என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள். படிக்கத் தெரியாதவன் கையில் புத்தகம் கொடுத்தது போலத்தான் அது.

ஃபிரேம் மூக்கில் வழியாமல் உட்கார வேண்டும், அவ்வளவுதான். ஆனால் லென்ஸ் பாலிகார்பனேட்டாக இருக்கட்டும். ஒரே ஒரு நல்ல கண்ணை நம்பியிருக்கும் பிள்ளை. பந்து பட்டால் சில்லாகச் சிதறாத லென்ஸ் அவனுக்கு அவசியம். 'சோடாபுட்டி' என்று வகுப்பில் கூப்பிடுவார்கள். டீச்சரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

கண்ணாடிக்குப் பிறகும் குறை மீதி இருந்தால் மூட வேண்டும். எத்தனை மணி நேரம் என்பதில் முன்பு பெரிய குழப்பம் இருந்தது. நான் வேலைக்கு வந்த காலத்தில் நாள் முழுக்க மூடச் சொல்வது சாதாரணம். 2003இல் அதே அமெரிக்க ஆய்வுக் குழு, நடுத்தரக் குறைக்கு, அதாவது 6/24 வரைக்கும், தினமும் 2 மணி நேரம் மூடினாலும் 6 மணி நேரம் மூடினாலும் நாலு மாதத்தில் ஒரே அளவு பலன்தான் என்று காட்டியது. 6/36 போன்ற கடுமையான குறைக்கு 6 மணி நேரம் மூடினால், நாள் முழுக்க மூடியதற்கு ஈடாக இருந்தது. உங்கள் மகன் கண்ணாடியிலேயே 6/36இலிருந்து 6/18க்கு வந்துவிட்டால் 2 மணி நேரத்தோடு தப்பிக்கலாம். கண்ணாடியை ஒழுங்காகப் போடுங்கள் என்று இத்தனை தடவை சொல்வது அதனால்தான்.

ஒட்டும் பட்டையைத் தோல்மேல் ஒட்ட வேண்டும், அதன் மேல் கண்ணாடி. கண்ணாடிக்குத் துணி கட்டினால் மூக்குப் பக்கம் இடைவெளி வழியாகப் பார்த்துவிடுவான். முதல் வாரம் கஷ்டம்தான், ஒளிக்க ஒன்றும் இல்லை. நன்றாகத் தெரிகிற கண்ணை மூடி, தெரியாத கண்ணோடு உலவச் சொல்கிறோம், எந்தப் பிள்ளைக்குக் கோபம் வராது? அந்த நேரத்தில் ஓடி விளையாட விட வேண்டாம், உட்கார வைத்து வேலை கொடுங்கள்: புள்ளி வைத்துக் கோலம், படத்துக்கு வண்ணம், மணி கோர்ப்பது, அரிசியில் கல் பொறுக்குவது. அவனுக்குப் பிடித்த கார்ட்டூனையும் அந்த 2 மணி நேரத்துக்கென்று ஒதுக்கி வையுங்கள். பட்டை ஒட்டினால்தான் டிவி என்று ஒரு வீட்டில் வைத்த சட்டம் பிரமாதமாக வேலை செய்தது. சித்திரை, வைகாசி வெயிலில் வியர்த்துப் பட்டை உரிந்துவிடும், தோலும் சிவக்கும். சாயந்தரம் குளித்த பிறகு மின்விசிறிக்குக் கீழே ஒட்டுங்கள். உரிக்கும்போது எண்ணெயோ தண்ணீரோ தொட்டு மெதுவாக எடுங்கள். ஒட்டிய நாட்களைக் காலண்டரில் குறித்து வையுங்கள். 'தினமும் போட்டோம்' என்று சொல்லும் அம்மாவின் காலண்டரையும் பார்த்தால்தான் எனக்கு உண்மை தெரியும்.

பட்டையை ஒத்துக்கொள்ளவே மாட்டேன் என்றால், நல்ல கண்ணில் வார இறுதி இரண்டு நாளும் அட்ரோபின் சொட்டு விட்டு அதைக் கொஞ்சம் மங்கலாக்கும் முறை இருக்கிறது. நடுத்தரக் குறைக்கு அதுவும் பட்டைக்கு ஏறக்குறைய சமம். டாக்டரிடம் கேளுங்கள், நீங்களாகத் தொடங்க வேண்டாம்.

5 வயதில் கண்டுபிடித்தது நல்ல காலம்தான். 7 வயதுக்குள் பலன் வேகமாக வரும். அதற்குப் பிறகு ஒன்றும் செய்ய முடியாது என்று முன்பு சொல்லி அனுப்பிவிடுவார்கள், அது தப்பு. 7 முதல் 12 வயதுவரை பல பிள்ளைகளுக்கும், இதுவரை வைத்தியமே பார்க்காத பதின்வயதினர் சிலருக்கும்கூடப் பார்வை ஏறுகிறது. மெதுவாக ஏறும், முழுசாக ஏறாமலும் போகலாம், அவ்வளவுதான் வித்தியாசம். 6/6 வந்துவிட்டது என்று சடாரென்று நிறுத்தினால் நாலில் ஒரு பிள்ளைக்குத் திரும்பவும் இறங்கும். மூடும் நேரத்தைப் படிப்படியாகக் குறைத்து, பிறகும் சில வருடம் வந்து காட்ட வேண்டும்.

போன் பார்த்ததால் வந்ததா என்று உங்கள் வீட்டில் யாராவது கட்டாயம் கேட்டிருப்பார்கள். சோம்பல் கண்ணுக்கும் போனுக்கும் சம்பந்தம் இல்லை. தூரத்தில் மங்கும் மைனஸ் பவருக்குத்தான் எப்போதும் கிட்டத்திலேயே பார்ப்பதும் வெளியில் போகாமல் இருப்பதும் காரணமாகின்றன. சீனாவில் குவாங்சோ நகரப் பள்ளிகளில் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் விட்டபோது, மூன்று வருடத்தில் புதிதாக மைனஸ் பவர் வந்தவர்கள் 100க்கு 30 பேர். வழக்கம்போல் இருந்த பள்ளிகளில் 39 பேருக்கு மேல். பொன்னாங்கண்ணிக் கீரை உடம்புக்கு நல்லது, தாராளமாகக் கொடுங்கள். ஆனால் கீரை எந்தக் கண்ணின் பவரையும் குறைத்து நான் பார்த்ததில்லை.

மாறுகண்ணைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் சோம்பல் கண்ணுக்கு இன்னொரு பெரிய காரணம் அது. மாறுகண் அதிர்ஷ்டம் என்று நம் ஊரில் ஒரு பேச்சு உண்டு. அந்த அதிர்ஷ்டத்தை நம்பி ஒரு கண்ணை இழந்தவர்கள் நிறைய. பிறந்து முதல் சில மாதம் கண் அங்கும் இங்கும் நழுவுவது சகஜம். 4 மாதத்துக்குப் பிறகும் நழுவினால், அல்லது எந்த வயதிலும் ஒரே கண் எப்போதும் திரும்பியே இருந்தால், காட்ட வேண்டும். இரண்டு மூன்று வயதில் கண் உள்பக்கமாகத் திரும்பும் பிள்ளைகளில் பலருக்குப் பிளஸ் கண்ணாடி போட்டாலே கண் நேராகிவிடும், கத்தியே வேண்டாம். ஆபரேஷன் கண்ணை நேராக்கும்; பார்வையை ஏற்றுவதற்குத் திரும்பவும் கண்ணாடியும் பட்டையும்தான். மூக்கின் மேல்பகுதி அகலமாக இருக்கும் குழந்தைக்கு மாறுகண் போலத் தோற்றம் மட்டும் இருக்கும், அதை ஒரு டார்ச்சை வைத்துப் பிரித்துச் சொல்லிவிடலாம்.

இனி உங்கள் மகள். 3 மாதக் குழந்தைக்கு ஒரு கண்ணில் நீர் கட்டி, காலையில் பீளை சேர்ந்து, கண் சிவக்காமல் இருக்கிறதென்றால் பெரும்பாலும் கண்ணீர் மூக்குக்குள் வடியும் குழாயின் கீழ்முனை இன்னும் திறக்கவில்லை. 10 குழந்தைகளில் 9 பேருக்கு ஒரு வயதுக்குள் தானாகத் திறந்துவிடும். இங்கே மாமியார் சொல்வது சரி! நகத்தை வெட்டிவிட்டு, கையைக் கழுவி, கண்ணின் உள்மூலையில் மூக்கை ஒட்டி விரல் நுனியை வைத்து, கொஞ்சம் அழுத்தமாகக் கீழ்நோக்கி நீவுங்கள். பால் கொடுக்கும்போதெல்லாம் பத்துத் தடவை. மேலோட்டமாகத் தடவினால் பயன் இல்லை. ஒரு தடவை டாக்டர் செய்வதைப் பார்த்துப் பழகுங்கள். ஒரு வயது தாண்டியும் நிற்கவில்லையென்றால் மயக்கம் கொடுத்து மெல்லிய கம்பியால் வழியைத் திறப்பார்கள், சில நிமிட வேலை. தாய்ப்பால் விடுவது, மை இழுப்பது, நந்தியாவட்டைச் சாறு பிழிவது எல்லாம் வேண்டாம்.

ஆனால் நீர் வடிவதோடு வெளிச்சத்தைக் கண்டால் முகத்தைப் புதைத்துக்கொள்வது, கருவிழி பெரிதாக இருப்பது, அது நீலம் பாய்ந்து புகைபடிந்த கண்ணாடிபோல் இருப்பது, இவற்றில் ஏதாவது உண்டா? அது குழந்தைக்கு வரும் கண் அழுத்த நோயாக இருக்கலாம். அடுத்த வாரம் பார்க்கலாம் என்ற பேச்சே கூடாது. பெரியவர்களுக்குக் கண்ணுக்குள் அழுத்தம் ஏறினால் கண் பெரிதாகாது. குழந்தையின் கண் சுவர் இளசு, பலூன் மாதிரி விரியும். 'என்ன அழகு, எவ்வளவு பெரிய கண்ணு' என்று ஊரே கொஞ்சிய குழந்தைகளை அந்தக் காரணத்தாலேயே தாமதமாகத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். சொட்டு மருந்து தற்காலிகம்தான், ஆபரேஷன்தான் வழி.

அவள் நிறைமாதத்தில் பிறந்தாளா என்று நீங்கள் எழுதவில்லை. 34 வாரத்துக்கு முன்போ, 2 கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்திருந்தால், இந்திய வழிகாட்டுதல்படி பிறந்த 30 நாளுக்குள் விழித்திரையைப் பார்த்திருக்க வேண்டும். இன்னும் சீக்கிரம் பிறந்த, மிகச் சிறிய குழந்தையென்றால் 20 நாளிலேயே. அந்தக் குழந்தைகளின் விழித்திரையில் ரத்தக்குழாய் முழுசாக வளர்ந்திருக்காது. தாறுமாறாக வளர்ந்து விழித்திரையையே பிய்த்துவிடும். லேசரோ ஊசியோ வைத்து நிறுத்த சில வார அவகாசம்தான் உண்டு. 1996இல் சென்னையில் 29 வாரத்தில், 1,250 கிராம் எடையோடு பிறந்த ஒரு பெண் குழந்தைக்கு இந்தப் பரிசோதனையைச் செய்யச் சொல்லாமலேயே வீட்டுக்கு அனுப்பினார்கள்; பார்வை போயிற்று. 2015இல் உச்ச நீதிமன்றம் அந்தக் குடும்பத்துக்கு ஏறத்தாழ 1 கோடியே 80 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. உங்கள் மகள் குறைமாதம், இன்னும் பார்க்கவில்லை என்றால் இதை வாசிப்பதை நிறுத்திவிட்டுக் கிளம்புங்கள்.

நிறைமாதம்தான் என்றால், இரண்டு கருவிழியின் நடுப்புள்ளியும் ஒரே மாதிரி கறுப்பாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். போனில் ஃபிளாஷ் போட்டு எடுத்த பழைய படங்களைப் புரட்டுங்கள். இரண்டிலும் சிவப்பு விழுந்தால் நல்லது. ஒரு கண்ணில் சிவப்பு, மற்றதில் திரும்பத் திரும்ப வெள்ளை என்றால் உடனே காட்ட வேண்டும். கேமரா கோணத்தால் எப்போதாவது ஒரு படத்தில் வெள்ளை தெரிவதும் உண்டு, ஆனால் அதை முடிவு செய்வது நீங்களோ நானோ இல்லை. பிறவிக் கண்புரையாக இருக்கலாம். ஒரு கண்ணில் கெட்டியாக இருந்தால் 6 முதல் 8 வாரத்துக்குள் எடுத்தால்தான் அந்தக் கண் பார்க்கக் கற்றுக்கொள்ளும். அல்லது விழித்திரையில் வரும் புற்றுநோயாக இருக்கலாம். இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 1,500 குழந்தைகளுக்கு வருவதாகக் கணக்கு. கண்ணுக்குள்ளேயே இருக்கும்போது பிடித்தால் உயிர் பிழைக்கும், பல குழந்தைகளுக்குக் கண்ணையும் காப்பாற்றலாம். ஓர் அப்பா முதல் பிறந்தநாள் படத்தை என்னிடம் காட்டினார். கேக்குக்குப் பின்னால் பிள்ளையின் இடது கண் பூனைக்கண் மாதிரி மின்னியது. எடுத்து ஆறு மாதம் ஆகியிருந்தது. வீட்டில் எல்லோரும் பார்த்து, லைக் போட்டு, யாருக்கும் எதுவும் தோன்றவில்லை.

பிறவிக் கண்புரைக்கு ஒரு காரணம், கர்ப்பத்தின் முதல் மாதங்களில் அம்மாவுக்கு வரும் ருபெல்லா. 1941இல் சிட்னியில் நார்மன் கிரெக் என்ற கண் டாக்டர், தன்னிடம் கண்புரையோடு வரும் பச்சிளங்குழந்தைகள் திடீரென்று அதிகமானதைக் கவனித்து, அம்மாக்களிடம் விசாரித்துத்தான் இதைக் கண்டுபிடித்தார். தமிழ்நாட்டில் 2017 பிப்ரவரியில் தட்டம்மை-ருபெல்லா ஊசி முகாம் தொடங்கியபோது அந்த ஊசி ஆபத்து என்று வாட்ஸ்அப்பில் கிளம்பிய வதந்தி உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். உங்கள் மகளுக்கு 9 மாதத்தில் அந்த ஊசியும், அதோடு முதல் தவணை வைட்டமின் ஏ திரவமும் வரும். இரண்டையும் விட்டுவிடாதீர்கள். வைட்டமின் ஏ குறைந்து மாலைக்கண் வந்து, கருவிழி உருகிப் பார்வை போன பிள்ளைகளை எங்கள் மூத்தவர்கள் வாரம்தோறும் பார்த்திருக்கிறார்கள், நான் மிகச் சிலரைத்தான் பார்த்தேன்.

கேட்காததையும் ஒன்று சொல்லிவிடுகிறேன். மகனுக்குக் கோடையில் கண் அரித்தால், மெடிக்கல் ஷாப்பில் 'போன தடவை கொடுத்த அதே சொட்டு' என்று வாங்காதீர்கள். அரிப்பை உடனே நிறுத்தும் சொட்டு பெரும்பாலும் ஸ்டீராய்டு. மாதக்கணக்கில் விட்டால் சத்தமில்லாமல் கண் அழுத்தம் ஏறும், நல்ல கண்ணே பறிபோகும்.

மகனின் மறுபரிசோதனைக்குப் போகும்போது மகளையும் தூக்கிக்கொண்டு போங்கள். கூடப்பிறந்தவனுக்கு இப்படி இருந்தால் அவளுக்கும் வர வாய்ப்பு கூடுதல். இப்போது ஒரு தடவை, ஒரு வயதில், மூன்று வயதில், பள்ளியில் சேர்க்கும் முன் என்று பார்த்துவிடலாம். காலையிலேயே போய்விடுங்கள், மதியம் என்றால் இரண்டு பேரும் தூக்கத்தில் அழுவார்கள். சின்னவளுக்குக் கிளம்பும் முன் வயிறு நிறையப் பால் கொடுத்துவிடாதீர்கள். அங்கே உங்கள் மடியில் பால் குடித்துக்கொண்டிருக்கும்போது கண்ணை அகலமாக விரித்து மேலே பார்ப்பாள். எங்களுக்கு அந்த இரண்டு நிமிடம் போதும்.